பின்னால் எடுத்தால் மட்டும் கத்திய கார்

ஜெயசுதாவின் வெள்ளைக் கார் முன்னால் போகும்போது பரம சாது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரை எத்தனை வளைவுகள் வந்தாலும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறும், அப்படியே இறங்கும். பின்னால் எடுத்து பிரேக்கை மிதித்தால்தான் வம்பு. சக்கரத்திலிருந்து நீளமாக ஓர் அலறல் கிளம்பும். அது அடங்குகிற நேரத்தில் 'டொக்' என்று ஓர் இடியும் விழும்.

நாற்பத்து மூன்று வயதான ஜெயசுதா, தந்தையின் கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். கணவர் வெங்கடேசன் சர்க்கரை ஆலையில் எடைமேடைப் பணியாளர். மலைப்பாதையில் வண்டி திரும்பினாலே கண்களை இறுக மூடிக்கொள்வார். "நீ ஓட்டு, நான் பாக்கல" என்பதே அவள் வாடகைக் கார் ஓட்டுவதற்கு அவர் வழங்கிய அனுமதி. ஆறு ஆண்டுகளாக, காலை ஆறரை மணிக்குக் கல்வராயன் மலைக்கு வேலைக்குச் செல்லும் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் ஏற்றிச் செல்கிறாள். யாருக்கு இட்லி ஒத்துக்கொள்ளாது, யார் எந்த வளைவில் தூங்கிவிடுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவர்களில் ஒருத்தி இசைவாணி. மலையில் உள்ள ஒரு சுகாதார நிலையத்தின் செவிலி. இரண்டு ஆண்டுகளாக முன் இருக்கை அவளுக்கே உரியது. திருமணம் நிச்சயமான மறுநாள் அவள் காரில் ஏறியதும் ஏறாததுமாக, "அக்கா, பொண்ணழைப்புக்கு உன் வண்டிதான். வேற வண்டின்னா நான் ஏறவே மாட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். ஜெயசுதா அன்று வெள்ளிமலை போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினாள். பிறகு ஒரு மாதம், ஏறியவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் தீர்த்தாள்.

பெண்ணழைப்புக்கு முந்தின நாள் காலை, தெருவின் அகலத்தைப் பார்த்துவர எலவனாசூர்கோட்டைக்குப் போனாள். இசைவாணியின் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. பெரிய சாலையிலிருந்து சந்து சரிவாக இறங்கியது. உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கமும் உண்டு: பெண் ஏறி அமர்ந்த பிறகு, வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் நகரக் கூடாது. எனவே, வெறும் வண்டியாகவே சரிவில் பின்னோக்கி இறங்கி, வீட்டு வாசலில் நின்று, பெண்ணை ஏற்றிக்கொண்டு நேரே மேலேறிப் போக வேண்டும்.

ஜெயசுதா பின்னோக்கி இறங்கினாள். சரிவாயிற்றே, பிரேக்கில் கால் வைக்காமல் முடியுமா? கார் அலறிய அலறலில் பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

இசைவாணியின் தாய்மாமன் காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாண வேலைகள் அனைத்தும் அவர் பொறுப்பில் இருந்தன.

"இன்னாம்மா இது? நாயனக்காரனுக்குச் சொல்லிட்டோம், நீ ஒண்ணு தனியா இட்டாந்துக்கிறியா?"

"சின்னக் கோளாறுதாங்க மாமா. சரி பண்ணிடுவேன்."

"சம்பந்தி வூட்டுக்காரங்க வாசல்ல நிக்கறப்ப இப்படிக் கத்திச்சின்னா, பொண்ணு வூட்ட விட்டுப் போவ மாட்டேன்னு அழுவுதுன்னு நெனச்சுக்கப் போறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சத்தம் நின்னுச்சின்னு போன் பண்ணு. இல்லாகாட்டி வேற வண்டி சொல்லிடறேன்."

சன்னலிலிருந்து இசைவாணி, "மாமா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். காசிநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயசுதா வண்டியில் ஏறினாள். பணம் அவளுக்குப் பெரிதில்லை. அந்தப் பெண்ணின் முகம்தான் கள்ளக்குறிச்சி வரை கூடவே வந்தது.

மூன்று மாதங்களுக்கு முன்பே வேறொரு மெக்கானிக், சக்கரத்தை உள்ளிருந்து உரசி நிறுத்தும் பிரேக் ஷூக்களைப் பின் சக்கரங்களுக்குப் புதிதாக மாட்டிக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் அமைதியாக இருந்த சத்தம், எட்டாம் நாள் முன்னைவிடத் தெம்பாகத் திரும்பி வந்தது. எனவே, இந்த முறை சங்கராபுரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் பாவாடையிடம் போனாள். பத்து ஆண்டுகள் மலையில் வேன் ஓட்டிவிட்டு, பிறகு பட்டறை வைத்தவர் அவர்.

"அண்ணே, புது ஷூ போட்டும் கத்துது. மறுபடியும் மாத்திடுங்க."

"மாத்தறது இருக்கட்டும். மொதல்ல அது இன்னா சொல்லுதுன்னு கேப்போம். பின்னால எடு. பிரேக்க மட்டும் தொடாத."

பட்டறைக்கு அருகில் இருந்த காலி இடத்தில் கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பாவாடை குனிந்து, பின் சக்கரத்துக்கு அருகில் காதை வைத்தபடி கூடவே நடந்தார். எதிர்க் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ரங்கம்மாள் சும்மா இருப்பாளா?

"இன்னா பாவாடை, சக்கரத்தாண்ட ரகசியம் பேசிக்கினு போற? வூட்டுல சொல்லட்டுமா?"

"நீ டீயப் பாரு, பொங்குது!"

சத்தமே இல்லை. "அப்ப இது சக்கரத்து பேரிங் சத்தம் இல்ல" என்றார் பாவாடை. "இப்ப முன்னால வந்து மிதி." அப்போதும் சத்தமில்லை. "பின்னால எடுத்துக்கினே மெதுவா மிதி." ரங்கம்மாளின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இடது பக்கம் ஜாஸ்தி, வலது பக்கம் கம்மி" என்று முணுமுணுத்த பாவாடை, "சரி, ஹேண்ட் பிரேக்க இழு" என்றார்.

ஜெயசுதா இழுத்தாள். கைப்பிடி எந்தத் தடையும் இல்லாமல் மேலே வந்தது. பாவாடை காரைப் பின்னாலிருந்து ஒரு கையால் தள்ளினார். அது தாராளமாக உருண்டது.

"இத எப்பம்மா கடைசியா இழுத்த?"

ஜெயசுதா யோசித்தாள். இன்னும் யோசித்தாள். "இழுத்ததே இல்லண்ணே. கல்லு வெச்சிடுவேன்."

பாவாடை டிக்கியைத் திறந்தார். சாக்கில் சுற்றிய, பலாக்காய் அளவுள்ள கருங்கல் ஒன்று மாப்பிள்ளை போலப் படுத்திருந்தது. மலையில் வண்டி ஓட்டுபவர்கள் கல்லைத்தான் நம்புவார்கள். ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்தால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். கல் அறுந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வண்டி நின்றதும் சக்கரத்தின் கீழ் ஒரு முட்டு. அதோடு கவலை தீர்ந்தது.

"சிரிக்காதீங்கண்ணே. நீங்க வேன் ஓட்டறப்ப இன்னா செஞ்சீங்க?"

"நானா? ரெண்டு கல்லு வெச்சேன்" என்றார் பாவாடை. அதன்பின் இருவருமே வெகுநேரம் சிரித்தார்கள்.

சக்கரத்தைக் கழற்றி, ஷூக்களை மூடியிருந்த டிரம்மைத் தட்டி எடுத்ததும் உள்ளே மலையின் செம்மண் அடை அடையாக ஒட்டியிருந்தது. ஷூக்கள் தேயவே இல்லை. அவற்றை டிரம்மை ஒட்டி நிறுத்த வேண்டிய சிறு அமைப்பும், ஹேண்ட் பிரேக்கின் நெம்புகோலும் துருவேறி இறுகிப்போயிருந்தன.

"பாத்தியா? நீ ஹேண்ட் பிரேக்க இழுத்து வுட்டிருந்தா, இது அப்பப்ப அசஞ்சு, ஷூவ டிரம்மு பக்கத்திலேயே வெச்சிருக்கும். அசையாம கெடந்ததால ஷூ தள்ளியே நிக்குது. முன்னால போறப்ப அது ஒரு பக்கமா சாஞ்சு பழகிடுச்சு. பின்னால போனா எதிர்ப்பக்கம் சாயணும். பின்னால இருக்கற காஞ்ச தகட்டுல தேய்ச்சிக்கினு போய் மோதுது. கத்தறது அந்தத் தேய்ப்பு, 'டொக்'குங்கறது அந்த மோதல்."

"அப்ப மூணு மாசத்துக்கு முன்ன மாத்துன ஷூவு?"

"அது பாவம், ஒண்ணும் செய்யல."

இரண்டு பக்கமும் மண்ணை நனைத்துக் கழுவினார். துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தார். உராயும் இடங்களில் மட்டும் நகக்கண் அளவு கிரீஸ் தடவினார். ஷூவின் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டார். சக்கரத்தைக் கையால் சுற்றி, லேசாக உரசும்வரை இறுக்கி, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஐந்தரை மணிக்கு ஜெயசுதா காரைப் பின்னால் எடுத்து மிதித்தாள். எதுவும் கேட்கவில்லை. நம்பாமல் மீண்டும் மீண்டும் மிதித்தாள்.

"போதும்மா, அதுக்கும் கால் வலிக்கும்!" என்றாள் ரங்கம்மாள்.

காசிநாதனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "நாளைக்குக் காதால கேட்டுக்கறேன்" என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் மாலை நான்கு மணி. சந்து முழுவதும் சனம். பின்புறச் சன்னலில் மல்லிகைச் சரம் தொங்க, கார் பின்னோக்கி இறங்கியது. காசிநாதன் நடுச்சந்தில் முதுகைக் காட்டி நின்று, பந்தற்காரர் ஒருவரைக் கடிந்துகொண்டிருந்தார். ஜெயசுதா பிரேக்கை மிதித்து, அவருடைய வேட்டிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். அவர் திரும்பவே இல்லை. வேறு வழியின்றி ஹாரனை அழுத்தினாள். காசிநாதன் துள்ளி விலகினார். சந்து முழுவதும் சிரித்தது.

"எப்பம்மா வந்த?" என்று கேட்டவர், காதைத் தடவிக்கொண்டே தாமும் சிரித்துவிட்டார்.

வாசலில் நிறுத்தி, கல்லைத் தேடாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஆரத்தி முடிந்து, பட்டுச்சேலை சரசரக்க இசைவாணி பின்னிருக்கையில் அமர்ந்தாள். காசிநாதன் முன்னால் ஏறிக்கொண்டார். மேலே செங்குத்தான சரிவு. இனி ஒரு சாண்கூடப் பின்வாங்கக் கூடாது. எல்லாரும் சக்கரத்தையே பார்த்தார்கள். ஜெயசுதா முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். இயந்திரம் உறுமியது. கார் பின்னால் போகவில்லை; முன்னாலும் போகவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினாள். கார் பிள்ளையார் போல அமர்ந்திருந்தது.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்றார் காசிநாதன்.

பின்னாலிருந்து வளையல் கை ஒன்று நீண்டு அவளுடைய தோளைத் தொட்டது. "அக்கா," என்று இசைவாணி கிசுகிசுத்தாள், "இழுத்தத கீழ எறக்கு."

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே கைப்பிடியை இறக்கினாள். குலவையும் நாயனமும் ஒன்றாக எழ, கார் ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மணப்பெண்ணோடு மேலேறிச் சென்றது.