மெயின் பீஸும் மச்சானின் சிவப்பு விளக்கும்

ஈயம் உருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் காரைக்கால் வீட்டு மாடி அறைதான் ஞாபகம் வருகிறது. கூடவே கொஞ்சம் கூச்சமும்...

எங்கள் பக்கம் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் லாத்தாவை, அதாவது அக்காவைக் கட்டிய மச்சானும் அப்படித்தான் வந்தார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார். ஒரு பெட்டி துணி, மூன்று பெட்டி ஒயர்!

வந்த மாதமே மொட்டை மாடியில் செம்புக் கம்பி கட்டினார். எதிரே தெரியும் ரேடியோ டவரைப் பார்த்தபடி.

"அலையெல்லாம் காத்துல சும்மாத்தான போவுது... அதப் புடிச்சுக் கரண்ட் ஆக்குறேன்" என்றார். கம்பியின் முனையில், மாடி அறைக்குள், ஈயத்தை உருக்கி ஒட்டிய தீக்குச்சித் தலையளவு ஒரு சிவப்பு எல்இடி. எரிந்தது.

நான் நம்பவில்லை. அப்போதுதான் செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நாலு போனைப் பிரித்துப் பார்த்த திமிர். சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலிருந்து திருட்டு ஒயர் இழுத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். இதைக் காலேஜ் எக்ஸிபிஷனில் வேறு வைக்கப்போகிறாராம். அங்கே குட்டு உடைந்தால் லாத்தா எப்படி வெளியே தலைகாட்டுவாள்?

வீட்டு மாப்பிள்ளையை நேருக்கு நேர் கேட்க முடியுமா? வாப்பாவே அவரிடம் அளந்துதான் பேசுவார். உம்மாவிடம் சொன்னேன்.

"வாய மூடுடா. மாப்புள்ளயப் போயி சந்தேகப்படுவியா?"

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். மெயின் பீஸைப் பிடுங்கினேன். வீட்டில் அத்தனை பேனும் நின்றது. பீஸைக் கையில் பிடித்தபடியே மாடிக்கு ஓடினேன்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது...

தூங்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மச்சான் என் கையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"என்னட்ட கேட்டுருக்கலாம்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். பேன் நின்றதும் எழுந்து வந்த லாத்தா, என் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அந்த மாதமே கோட்டுச்சேரிப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியேறினால் எங்கள் தெரு சும்மா இருக்குமா? உம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் மச்சான், "காலேஜுக்குப் பக்கம்னு போறோம்" என்றே சொன்னார். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது என் வீட்டில் வைஃபை, கேமரா, பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லும் ஸ்பீக்கர்... எது எதை ஒட்டுக்கேட்கிறதோ, யாருக்கு அனுப்புகிறதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஒன்றைக்கூட நான் சந்தேகப்பட்டதில்லை. என் சந்தேகமெல்லாம் அன்றைக்குச் சொந்த மச்சான் மேலேயே செலவாகிவிட்டது.

போன வாரம், பேட்டரியே இல்லாமல் ரேடியோ அலையில் ஓடும் ஒரு சென்சாரின் வீடியோ வந்தது. குடும்ப குரூப்பில் போட்டு, "மச்சான், இத நீங்க அப்பவே செஞ்சிட்டீங்க" என்று எழுதினேன்.

வெகுநேரம் கழித்து மச்சானிடமிருந்து பதில், ஒரு சிரிப்புப் பொம்மையோடு:

"பீஸப் புடுங்கிப் பாத்துட்டியா தம்பி?"

லாத்தாவும் பார்த்திருந்தாள். ஒன்றும் எழுதவில்லை.