கோழிக்கு விழுந்த ஏச்சு

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த முதல் பெரிய சொல் ‘இன்யூவெண்டோ’. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பூனைக்கும் நாய்க்கும் ஆங்கிலம் சொல்லித் தருவதற்கு முன்பே, ஏழு வயதில், பதுளையில் ஒரு புரக்டர் ஐயா சொல்லி அதைக் கேட்டேன். வக்கீலை அப்போது புரக்டர் என்றுதான் சொல்வோம். நாங்கள் அவரிடம் போகக் காரணம் ஒரு கோழி.

அறை அறையாகக் குடும்பங்கள் ஒட்டி வாழும் எங்கள் லயத்தில் யாரும் யாரையும் நேராக ஏசுவதில்லை. பக்கத்துக் காம்பராக்காரி மேல் கோபம் என்றால் ஆட்டை ஏசுவார்கள், அடுப்பை ஏசுவார்கள், பெற்ற பிள்ளையை ஏசுவார்கள். அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவை கோழிகள்தான். சேர வேண்டியவர்களுக்குச் சுவரைத் தாண்டிச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும். சண்டைக்கு வந்தால், என் கோழியைத்தானே ஏசினேன், உனக்கென்ன என்று கேட்டுவிடலாம்.

அக்காவுக்குப் பரிசம் போட்டிருந்த சமயம் அது. மாப்பிள்ளை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம், எங்கள் கங்காணிக்கு மச்சான் மகன். கங்காணியே கொண்டுவந்த சம்பந்தம் என்பதால் அப்பா தலையாட்டியதோடு சரி, வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மாவும் அக்காவும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பகல். காய்ச்சலால் பள்ளிக்குப் போகாமல் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பரா அத்தை தன் பெட்டைக் கோழியை விரட்டிக்கொண்டு எங்கள் வாசல் வரை வந்தாள்.

“ஏண்டி, ஒரு கூட்டுல பொட்டையையும் ரெண்டு குஞ்சையும் விட்டுட்டு வந்த சேவலுக்கா நீ கழுத்த நீட்டுற? விசாரிக்க ஒனக்கு நாதியில்லையா?”

இதையே நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொன்னாள். கோழி அதற்குள் வேலியைத் தாண்டிப் போயிருந்தது. சாயங்காலம் அம்மாவிடம் நான் ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தேன்.

அம்மா கொதித்துப்போனாள். முந்தைய வருஷம் அத்தை தன் தம்பிக்கு அக்காவைப் பெண் கேட்டு, நாங்கள் மறுத்திருந்தோம். “வயித்தெரிச்சல். எம்புள்ளையக் கோழிங்கிறா. கோர்ட்டுக்கு இழுக்காம விட மாட்டேன்” என்றாள். பதுளையில் ஒரு புரக்டர் ஆபீசில் பியூனாக இருந்த மாமா, தாராளமாக மானநஷ்ட வழக்குப் போடலாம் என்று உசுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சாட்சி நான்தானே!

அப்பா, அம்மா, நான் மூவரும் பண்டாரவளையில் ரயிலேறிப் பதுளைக்குப் போனோம். வழியெல்லாம் சாட்சியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனேன். புரக்டர் ஐயா கேட்டதும், கோழி விரட்டுகிற கை வீச்சோடு சொல்லிக் காட்டினேன். மாமா சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஐயா சிரிக்கவில்லை.

“கோழிக்கிட்டத்தானேம்மா சொல்லியிருக்கு. ஒங்களத்தான் சொன்னதுன்னா, அது எப்பிடின்னு நீங்கதான் விளக்கி எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பேரு இன்யூவெண்டோ” என்றார். அம்மா விழித்ததைப் பார்த்து, பாவம், பொறுமையாகச் சொன்னார். “லத்தீன் சொல்லு. தலைய ஆட்டிக் காட்டுறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல கோர்ட்டு எழுத்தெல்லாம் லத்தீன்லதான். ஏசின வார்த்தைய எழுதி, பக்கத்துல இதப் போட்டு, அதாவது இன்னாரத்தான் சொன்னதுன்னு எழுதுவாங்க. பொறகு அது வெளிய வந்து, சாடையாப் பேசுறதுக்கே பேராயிருச்சு. சரி, சொல்லுங்க. சேவல் யாரு?”

“மாப்பிள்ளைங்க.”

“அப்ப அந்தக் கூட்டுல இருக்கிற பொட்டை?”

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தில் அதுவரை அவள் கோழியை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். சேவலைப் பார்க்கவே இல்லை.

“அந்தத் தோட்டத்துக்குப் போயி விசாரிச்சீங்களா?” என்று ஐயா அப்பாவிடம் கேட்டார்.

“இல்லீங்க. கங்காணி சொன்னாருன்னு...” என்று இழுத்தார் அப்பா.

ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்பா எங்களோடு திரும்பவில்லை. ஹல்துமுல்லைப் பக்கம் பஸ் ஏறிப் போனார். ரயிலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே வந்தாள். வழக்குத் தோற்றுவிட்டது, அதற்குக் காரணம் அத்தை என்று நான் முடிவுகட்டினேன். இரண்டு நாளில் அப்பா வந்தார். கல்யாணம் நின்றது. பொருத்தம் சரியில்லையாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

அந்தத் தோட்டத்து லயத்தில் அவனுக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்ததை, நான் பெரியவளான பிறகுதான் அக்கா சொன்னாள். அத்தையின் புருஷனுக்கு எங்கள் கங்காணியின் கீழேதான் வேலை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர்களை அங்கே இருக்க விட்டிருப்பாரா? வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு அக்காவைக் காப்பாற்றினாள், மகராசி. அகராதியில் இன்யூவெண்டோவுக்குக் கெட்ட எண்ணத்தோடு குத்திப் பேசுவது என்றுதான் போட்டிருக்கிறது. இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை அதனால்தான் தப்பியது. இன்றைக்கும் அத்தையை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அத்தை குடும்பத்துக்கும் கடிதம் வந்தபோது எனக்குப் பத்து வயது. வழியனுப்பப் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். அதற்குள் அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகிக் கையில் குழந்தை இருந்தது. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அத்தனை கூட்டத்தில், அக்கா அத்தையின் காலில் விழுந்தாள். அத்தை அவளைத் தூக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, “வாடி தங்கம்” என்று கையை நீட்டினாள். அன்றைக்கு ரயிலில் வழி முழுக்க எங்கள் அம்மாவை அழவைத்தவளிடம் நான் ஏன் போக வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரயில் கிளம்பும்வரை அப்படியே நின்றேன்.