பூட்டிட்டியா, கண்ணு?

போன வாரம் மூட்டு வலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், ஒரு பெரியவரைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, டாக்டர் அவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நெஞ்சு பீப்பா மாதிரி ஆயிட்டுது பாருங்க. பல வருஷமா நுரையீரல் கெட்டிருக்குது. இழுத்த காத்து முழுசா வெளிய வராம உள்ளயே தங்கிடுது. அதான் விலா தூக்கிட்டு நிக்குது." அப்படியே என் அப்பா, என் நைனாவின் நெஞ்சு.

1960களில் நைனாவுக்குச் செஞ்சியில் மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை. சட்டையில் கடலைத் தோல் தூசியும் பீடியும் கலந்த வாசனை. எனக்கு அது பிடிக்கும், சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லத்து அத்தை வீட்டுக்குச் சைக்கிளில் போவோம். பின்னால் உட்கார்ந்து, அவர் நெஞ்சைச் சுற்றிக் கைபோட்டு, நான் விரல்களைக் கோத்த பிறகுதான் மிதிப்பார்.

"பூட்டிட்டியா கண்ணு?"

"பூட்டிட்டேன் நைனா!"

எனக்கு ஒன்பது வயதானபோது விரல்கள் சேரவில்லை. கை வளர்ந்திருந்தது, ஆனாலும் எட்டவில்லை. வாயாடி நான், விடுவேனா? "எங்க நைனா பயில்வான் ஆயிட்டாரு" என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டேன். கழுத்து குச்சியாகிப்போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா "இன்னா நெஞ்சு, யம்மா!" என்றதும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. கண் பட்டுவிடுமாம்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் அவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் எடுத்துக் கொடுத்தது நான்தான். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். நைனாவோ இருமி இருமி, முழங்காலில் கையூன்றி, சூடான பாலை ஊதுவதுபோல் வாயைக் குவித்து மூச்சுவிடுவார்.

"நெடி ஏறுது. கண்ணு கிண்ணு ஒண்ணுமில்ல!" அம்மா முகம் மலரும். நான் கைதட்டுவேன், பாவி. இருந்தும் அடுத்த வாரம் மறுபடி சுற்றுவாள். ஊர்க் கண்ணை நம்ப முடியாதாம்.

வேண்டாம் என்று நைனா ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, "காத்து உள்ள போவுது கண்ணு, வெளிய வரமாட்டேங்குது" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன்.

எனக்குப் பதினொன்று முடிவதற்குள் போய்விட்டார். பாயில் கிடந்தவரைக் கட்டிப்பிடித்தேன். அப்போதும் விரல்கள் சேரவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அன்று மருந்தோடு மகனின் பைக்கில் ஏறியவள், அவன் நெஞ்சைச் சுற்றிக் கைபோட்டுப் பார்த்தேன். நல்லவேளை, விரல்கள் சேர்ந்தன. கண்ணீர் நிற்கவே இல்லை.

"இன்னாம்மா, பயமா இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். பூட்டிட்டியா என்று கேட்பவர் போய் அறுபது வருஷமாகிறது.