நான் எழுதிவைத்த பிறந்த நாள்

எழுந்து நின்றுவிட்டேன். இந்த ஜெபக்கூட்டத்தில் காய்ச்சல் நீங்கியதைச் சொன்னவர்கள் உண்டு, கண் திறந்ததைச் சொன்னவர்கள் உண்டு. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பொய். நான் சொன்ன பொய். மூன்று வருஷமாக இந்தக் கூட்டத்தில் வாய் திறந்து சொல்லாமல் வைத்திருந்தேன்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம். அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு, சேலத்தில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் வேலை பார்த்தேன். ஆறாம் பாரம் முடிக்கும் பிள்ளைகளை அடுத்து எங்கே அனுப்புவது என்று பார்ப்பது என் பொறுப்பு. டிரெயினிங்குக்கு யார், நர்ஸ் வேலைக்கு யார், காலேஜுக்கு யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரே மிதப்பு. அப்ளிகேஷன் எழுதுவதும் நானே, தபாலில் போடுவதும் நானே.

அந்த வருஷம் நல்லம்மாள் என்று ஒரு பெண். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். தகப்பன் இல்லை. தாய் பாவாயி காட்டு வேலைக்குப் போகிறவள். நான் முதலில் அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சராக இருந்தேன். நல்லம்மாளை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்ததும் நான், பிறகு சேலத்து போர்டிங்குக்குக் கூட்டி வந்ததும் நான். கணக்கும் சயின்ஸும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் படிப்புக்கே அனுப்பிவிடலாம் என்று சென்னைப் பக்கம் ஒரு பெண்கள் மருத்துவப் பள்ளிக்கு எழுதிப் போட்டேன். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். இது தவறினால் தாய்மாமன் பரிசம் போடக் காத்திருந்தான்.

அப்ளிகேஷன் திரும்பி வந்தது. பதினேழு வயது முடிந்திருக்க வேண்டுமாம். பள்ளிக்கூட ரிஜிஸ்டர்படி இவளுக்குப் பதினாறு. பத்து நாளில் சரியான அத்தாட்சி வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

 அந்த வயது என் கைவேலை.

பிள்ளையைச் சேர்க்க வந்த அன்றைக்குப் பாவாயி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அது பிளேக்கு வந்த வருசமுங்க டீச்சரம்மா..." என்று ஆரம்பித்தாள். வாசலில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். எனக்குப் பசி. "போதும் நிறுத்து, உன் கதையெல்லாம் யார் கேட்டா?" என்று அதட்டினேன். பிள்ளை குள்ளமாக இருந்தாள். ஐந்து வயது என்று போட்டு, பள்ளி திறந்த தேதியையே பிறந்த தேதியாக எழுதினேன். அவளுக்கு மட்டுமா? அன்றைக்குச் சேர்ந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதே தேதி. ஒரே நாளில் ஒரு வகுப்பையே பெற்றுப் போட்ட புண்ணியவதி நான்!

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கூப்பிட்டு, "இந்தத் தேதி யார் சொன்னது?" என்று கேட்டார்.

"தாய் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன். நாக்கு கூசவில்லை. அப்போது கூசவில்லை.

பாவாயிக்குச் சொல்லி அனுப்பினார்கள். விடிகாலையில் கிளம்பி, பாதி வழி நடந்து, பாதி வழி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். ஆபீஸ் அறையில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஆமாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிப்புட்டனுங்க. படிக்காத முண்டமுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

எனக்காக அவள் பொய் சொன்னாள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்லை" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளைப் புடவையும் கையில் பைபிளுமாகத் திரிகிறவள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முகம் எரிகிறது.

அன்று மத்தியானம் கோவிலில் முழங்கால் போட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, எப்படியாவது ஒரு அத்தாட்சி கிடைக்கட்டும், என் பேர் மட்டும் வெளியே வரவேண்டாம்." இதுவா ஜெபம்? ஆனால் அதைத்தான் மூன்று நாள் அழுது அழுது கேட்டேன்.

சனிக்கிழமை ராசிபுரம் தாலுகா கச்சேரிக்குப் போனேன். பிறப்புப் பதிவெல்லாம் அங்கே இருக்கும். குமாஸ்தா நல்ல மனுஷர். மூன்று வருஷத்துப் புஸ்தகத்தை வரி வரியாகப் பார்த்தார். பாவாயி ஊர்ப் பதிவில் அப்படி ஒரு குழந்தையே பிறக்கவில்லை. "இல்லீங்களே அம்மா" என்று மூடிவிட்டார்.

வெளியே புளியமரத்தடியில் நின்றேன். ஆறு நாள் போய்விட்டது. அப்போதுதான் முதல் தடவையாக மனம் உடைந்து ஜெபித்தேன். "அந்தப் பிள்ளை போகட்டும் ஆண்டவரே. என் மானம் போனால் போகட்டும்." அவ்வளவுதான். கண்ணீர் கூட வரவில்லை. ஆனால் கால் தானாக நாமகிரிப்பேட்டை வண்டியைத் தேடியது.

பாவாயி கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி ஓடி வந்தாள். வரப்பில் உட்கார்ந்தேன். "பாவாயி, தப்பு என்னுது. நீ அன்னைக்குச் சொல்ல வந்ததை இப்பச் சொல்லு. நான் குறுக்கே பேசமாட்டேன்" என்றேன்.

அவள் சாவகாசமாகச் சொன்னாள். பிளேக் வந்து வீதியில் எலி செத்து விழுந்ததை, மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஊரைக் காலி செய்ததை, நிறைமாசத்தோடு நடந்ததை. "கரட்டு மேட்டுக்கு அந்தாண்ட குடிசை போட்டிருந்தமுங்க. அங்கதானுங்க இவ பொறந்தா. அது நம்மூரு எல்லை இல்லீங்க. அந்த ஊரு முன்சீப்பு வந்து, எங்க எல்லையில பொறந்த புள்ளை எங்க புஸ்தகத்துலதான் ஏறோணும்னு எழுதிக்கிட்டுப் போனாருங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் நான் வாயை அடைத்த கதையிலேயே அத்தாட்சி இருந்திருக்கிறது. நாங்கள் தேடினதுதான் தவறான ஊர்ப் பதிவில்!

திங்கட்கிழமை குமாஸ்தா பக்கத்து ஊர்ப் புஸ்தகத்தைத் திறந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேர் இல்லை, "பெண்" என்று மட்டும் இருந்தது. கீழே தகப்பன் பேர், குடியிருந்த இடம் குடிசை. கணக்குப் பார்த்தால் பதினெட்டு முடிந்திருந்தது. கச்சேரி என்றும் பாராமல் "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன்.

ஆனால் அது மட்டும் போதாது. பள்ளித் தேதி ஏன் தப்பு என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, தாய் எதுவும் தவறாகச் சொல்லவில்லை, நானே கேளாமல் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடமும் என் பொய்யை ஒப்புக்கொண்டேன்.  அவர் பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்பும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறு டீச்சரிடம் கொடுத்தார். ஸ்டாப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. நியாயம்தான்.

பத்தாவது நாள் தந்தி வந்தது. இடம் நல்லம்மாளுக்கே.

அவளை ரயிலேற்றிய மறுநாள் பாவாயி ஒரு கூடை பச்சைக் கடலையோடு என் வீட்டுக்கு வந்தாள். "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்று காலில் விழப் போனாள். எனக்குத் தாங்கவில்லை. பிடித்து நிறுத்தி, "என்னைக் கும்பிடாதே. உன் பிள்ளையைக் கெடுக்க இருந்தவளே நான்தான். அன்னைக்கு உன் மேலே பழி போட்டேனே, தெரியாதா உனக்கு?" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள். "தெரிஞ்சுதானுங்க ஒத்துக்கிட்டேன். உங்களை உட்டா என்ற புள்ளைக்கு எழுதிப் போட வேற ஆளு யாருங்க இருந்தாங்க?"

அத்தனை பிரசங்கம் கேட்டும் உறைக்காதது அன்றைக்கு உறைத்தது. இரண்டு வருஷம் கழித்து அதே பொறுப்பை மறுபடி என்னிடம் தந்தார்கள். இப்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித் தாய் தகப்பன் பேசினால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறேன். அந்தப் பழைய ரிஜிஸ்டரில் நான் பிறப்பித்த மற்றப் பிள்ளைகளின் ஊர்களுக்கு லீவு நாட்களில் போகிறேன். சில பேருக்குத் திருத்த முடிந்தது. சில பேருக்குக் காலம் கடந்துவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் யாருக்காவது இப்படி மூடி வைத்தது ஒன்று இருந்தால், ஆண்டவரிடம் அதை மறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மூன்று நாள் கேட்டுப் பார்த்தவள் சொல்கிறேன். திறந்து காட்டத் தைரியம் கேளுங்கள், உடனே கொடுப்பார். பிறகு நேராக அந்த மனுஷர் வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.