அறுபது மாட்டை ஆயிரமாக்கச் சொன்ன நாள்

காளியப்பன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கேமராவில் தெரியக் கூடாது என்றுதான் அவனுக்கு மண் நிறத்தில் தடித்த கோட்டு மாட்டி, மந்தைக்குப் பின்னால் விட்டிருந்தார்கள்.

துபாயில் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் மாடு, குதிரை, ஒட்டகம் சப்ளை செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஆபீஸ் அல் கூஸில். எந்த மிருகத்தை மேய்ப்பது கஷ்டம் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். டைரக்டரைத்தான் என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அது மாட்டுக்கறி ஸ்டேக் போடும் ஒரு ஹோட்டலின் விளம்பரம். டைரக்டர் சென்னைக்காரர், சின்ன வயது. லேப்டாப்பில் பழைய கௌபாய் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். குதிரைக்காரர்கள் மந்தையை வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பத்தாயிரம் மாடு என்று கதாநாயகன் சொல்கிறான்.

"இதே மாதிரி வேணும்ணா. ஃப்ரேம் முழுக்க மாடு."

"சார், இதுல பத்தாயிரம் எங்க இருக்கு? நல்லாப் பாருங்க, சில நூறு தேறுனாப் பெருசு."

"இல்லண்ணா, எல்லாம் ரியல். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஏது?"

கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் என்ன, கதாநாயகனுக்கு வாய் இருந்ததே. கேமராவைத் தாழ வைத்துப் புழுதியைக் கிளப்பினால், பின்னால் இன்னும் வந்துகொண்டே இருப்பதுபோலத் தெரியும். நிஜமாகவே பத்தாயிரம் மாடு நடந்தால் முதல் மாடு ஓர் ஊரிலும் கடைசி மாடு அடுத்த ஊரிலும் இருக்கும். எந்த ஃப்ரேமிலும் அடங்காது. இதையெல்லாம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

எங்களிடம் இருந்தது அறுபது மாடு. டைரக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாடுகள் கேமரா முன்னால் ஓடி, மணல்மேட்டைச் சுற்றி வந்து, மறுபடியும் கேமரா முன்னால் ஓட வேண்டும். நடிகர்கள் முன்னால் குதிரையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். கூடவே ஓடி மாட்டை விரட்டுவது காளியப்பன். சிவகங்கைப் பக்கத்து ஆள், எனக்குத் தம்பி மாதிரி. இங்கத்து மாட்டுக்குத் தமிழ் புரியாது என்று "யல்லா, யல்லா" என்று அரபியில்தான் கத்துவான்.

மதியத்தில் வெளிவேலை கூடாது என்ற கோடைத் தடை முடிந்த வாரம் அது. தடை முடிந்தால் வெயிலும் முடிந்துவிட்டது என்று இங்கே ஒரு நினைப்பு.

"முதல் ரவுண்டே நல்லா வந்திருக்கு. மிச்சத்தை கம்ப்யூட்டர்ல பெருக்கிக்கலாம்" என்றார் கேமராமேன்.

"நோ. எனக்கு ரியலா வேணும். இன்னொரு ரவுண்ட்."

அதற்கப்புறம் இன்னொன்று, அதற்கும் அப்புறம் இன்னொன்று. ஆளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், கோட்டைக் கழற்ற வேண்டும் என்று போய் நின்றேன்.

"இந்த ஷாட் முடியட்டும்ணா. லைட் போயிடும்."

உச்சி வெயிலில் லைட் எங்கே போகும்?

அடுத்த தடவை மாடுகள் மட்டும் வந்தன. யல்லா சத்தம் வரவில்லை.

ஓடினேன். மேட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தான். உடம்பு கொதித்தது, சொட்டு வியர்வை இல்லை. கோட்டைக் கிழித்தெறிந்து, மாட்டுத் தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லி வாக்கிடாக்கியில் கத்தினேன். அதே வாக்கிடாக்கியில் டைரக்டர் கேட்டார்: "மாடு ஏன் நின்னுடுச்சு?"

அவரை நான் திட்டிய வார்த்தைகளை அச்சில் போட மாட்டார்கள். ஆம்புலன்ஸ் போனதும் மாடுகளை லாரியில் ஏற்றினேன். கலாஸ், ஷூட்டிங் முடிந்தது என்றேன். உடனே முதலாளி போனில் வந்தார்.

"பெரிய பார்ட்டிப்பா. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?"

"காளியப்பன் பொறுத்துத்தான் போனான் முதலாளி. ஐசியுல கிடக்கான், போய்ப் பாருங்க."

பிழைத்துவிட்டான். ஆனால் இப்போது அவனால் வெயிலில் நிற்க முடியாது, தீவன கோடவுனுக்குள் வேலை பார்க்கிறான். விளம்பரமும் வந்தது. திரை முழுக்க ஆயிரக்கணக்கில் மாடு. முதல் ரவுண்டை மட்டும் எடுத்து கம்ப்யூட்டரில் பெருக்கினார்களாம், மற்றதெல்லாம் குப்பைக்குப் போனதாம். கேமராமேனே என்னிடம் சொன்னார். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

காளியப்பன் அந்த விளம்பரத்தை போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இம்புட்டு மாட்டையா நான் ஓட்டுனேன்?" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் அல்ல.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். "ரியலா வேணும்" என்று எவராவது சொன்னால், யாருடைய உடம்பை வைத்து என்று அங்கேயே கேளுங்கள். பதில் வரும்வரை மாட்டை அவிழ்க்காதீர்கள்.