அடித்துண்டைத் திருப்பியவள்

டிம்ப்னா கில்மார்ட்டின் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அயர்லாந்தில் எங்கள் ஊரில், என் மாமியாரின் தங்கை பிரிஜி இறந்த வீட்டில். தேநீரும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஒருவர் குழல் வாசித்து முடித்தார். அவரை யாரும் பாராட்டவில்லை. "குழல் யாரு கடைஞ்சது?" என்றுதான் கேட்டார்கள். கில்மார்ட்டின் வீட்டுப் பெண் என்றதும் எனக்கு உறவுவழி தெரிந்துவிட்டது: என் ஓரகத்தியின் அண்ணன் மனைவிக்குச் சித்தி மகள். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் உளி பிடித்ததில்லை. இவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

மூடிப்போன பால் பண்ணைக்குப் பின்னால் அவள் பட்டறை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கருமரத் துண்டுகள் பரணில் வருஷக்கணக்காகக் காய்கின்றன. ஒன்றை இறக்கினால் கதவுநிலையில் தட்டுவாள், பிறகு தன் தாடையில் வைத்துத் தட்டுவாள். பிடிக்கவில்லை என்றால், "நீ இன்னும் தூங்கு" என்று திரும்ப மேலே ஏற்றிவிடுவாள். கடைந்து முடித்த எந்தக் குழலிலும் ஒரே மெட்டைத்தான் வாசித்துப் பார்ப்பாள். அதன் முதலடி கேட்டதுமே பக்கத்து வீட்டு நாய் எழுந்து வயலுக்குப் போய்விடும். "அதுக்கும் சலிச்சுப் போச்சு, நான் என்ன பண்ண?" என்பாள்.

குழல் வாசிக்கும் என் கொழுந்தன் லூக்கிக்கு வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் வலது மோதிர விரல் பாதி போயிற்று. "இனிமே கேக்கறதோட சரி, அண்ணி" என்றான். ஆனால் கேட்கக்கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மதுக்கடையில் வாசிக்கும் நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். நான்தான் டிம்ப்னாவிடம் இழுத்துப் போனேன்.

அவள் அவன் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு துடைப்பக் கம்பைக் குழல்போலப் பிடிக்கக் கொடுத்தாள். படத்துக்கு நிற்பவன்போல விறைப்பாகப் பிடித்தான். "ஏன்டா, மேல் வயல்காரன் வாய்க்கால இன்னும் அடைச்சுத்தான் வச்சிருக்கானாமே?" என்று கேட்டாள். லூக்கி கத்த ஆரம்பித்தான். கத்தக் கத்தக் கை தளர்ந்தது. சுண்டுவிரல் தானாக இறங்கிக் கம்பின் ஓரத்தில் உட்கார்ந்தது. அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள்.

"ஆச்சு, போ."

"அளவே எடுக்கலியே?"

"நீ திட்டிக்கிட்டிருந்தப்பவே எடுத்தாச்சு."

குழல் வந்தது. மோதிர விரல் மூட வேண்டிய கடைசித் துளை இதில் சுண்டுவிரலுக்கு. வெளியே விரல் விழும் இடத்தில் தொடங்கி, உள்ளே சுரத்துக்கு வேண்டிய இடத்துக்குச் சாய்வாகப் போயிற்று. அந்தத் துளை இருக்கும் அடித்துண்டையும், அதாவது குழலின் கீழ்முனையில் தனியாகச் செருகும் துண்டையும், கொஞ்சம் திருப்பி வைத்திருந்தாள். "இத அப்படியே விடு" என்று ஒருமுறைதான் சொன்னாள்.

எங்கள் ஸ்லைகோ பக்கத்தில் துளைகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக வைத்திருப்பவன் நேற்று கற்றுக்கொள்ள வந்தவன். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைக்குள் நுழையும் முன், காருக்குள் உட்கார்ந்து லூக்கி அடித்துண்டை நேராக்கிவிட்டான். எல்லோர் முன்னும் ஊதினான். கீழ்ச்சுரத்தில் வெறும் காற்று வந்தது. மறுபடி ஊதினான், மறுபடியும் காற்று. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழலைப் பெட்டியில் வைத்தான்.

"மரத்துல குத்தமில்ல. என் கைதான்" என்று கோட்டை எடுத்தான். இந்த முறை போனால் திரும்ப வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"உக்காருடா." தேநீரோடு ஓரத்தில் இருந்த டிம்ப்னா எழுந்து வந்தாள். குழலை எடுத்துப் பார்த்தாள். "இத நேராக்கினது யாரு?"

அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டான்.

"யாருக்குடா வெக்கப்படுற?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. பேட்ஸிக்கு முன்பல்லே கிடையாது, அவன் வாசிக்கலியா?"

"என்னை ஏம்மா இழுக்கறே?" என்றார் பக்கத்தில் குழலோடு இருந்த பேட்ஸி. முதலில் சிரித்ததும் அவர்தான்.

டிம்ப்னா அடித்துண்டைத் திருப்பினாள். பதில் சொல்ல லூக்கி வாயெடுப்பதற்குள் அவன் சுண்டுவிரலைப் பிடித்துத் துளைமேல் வைத்தாள். "இப்ப ஊது."

கீழ்ச்சுரம் தரைப்பலகை வழியாக என் காலுக்கு வந்தது. பேட்ஸி கேட்காமலே சேர்ந்துகொண்டார். இரண்டாம் சுற்றில் லூக்கி தடுக்கினான், கெட்ட வார்த்தை சொன்னான், விட்ட இடத்திலிருந்து பிடித்தான்.

அதற்குப் பிறகு அவன் எந்த ஞாயிறும் தவறவிட்டதில்லை. டிம்ப்னாதான் இந்த ஞாயிறு வரவில்லை. பக்கத்து மாவட்டமான லெய்ட்ரிமிலிருந்து மூட்டுவாதக் கையோடு ஒரு பெண்மணியை லூக்கியே கூட்டி வந்திருக்கிறான். டிம்ப்னா இப்போது பட்டறையில் அந்த அம்மாளின் கைக்கு ஏற்ற குழலுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள்.