கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

எட்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலையில் நர்சிங் உதவியாளர் படிப்பில் இரண்டாம் வருஷம். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் போய் நிற்க முடியும்.

வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு ஊசி போடுவதுதான் நர்சிங் என்று நினைத்துச் சேர்ந்தவள் நான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது பாதி படிப்பு, பாதி பட்டாளம் என்று. நகம் வளரக் கூடாது. வளையல், கொலுசு, பூ எதுவும் ஆகாது. ஐந்து நிமிஷம் பிந்தினால் அன்றைக்கு ஆப்சென்ட். நோயாளி நம் மேலேயே வாந்தி எடுத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. இதையெல்லாம் கூடப் பழகிக்கொண்டேன். ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நோயாளியின் நிலைமை பற்றி வீட்டுக்காரர்கள் என்ன கேட்டாலும் மாணவிகள் வாயைத் திறக்கக் கூடாது. "சிஸ்டரைக் கேளுங்க, டாக்டரைக் கேளுங்கன்னு சொல்லுங்க. உங்க வாயால ஒரு வார்த்தை வரக் கூடாது" என்று வார்டு சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ வாய் ஜாஸ்தி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்து இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட ஆள் நான்.

எங்களுக்கு ஒரு செய்முறை நோட்டு உண்டு. படுக்கை விரிப்பதிலிருந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவது வரை நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அதில் வரிசையாக அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றையும் சிஸ்டர் முன்னால் செய்து காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, 'இறந்தவர் உடல் பராமரிப்பு'.

எல்லாக் கட்டமும் நிரம்பி, எனக்கு அந்த ஒன்று மட்டும் காலியாகவே கிடந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரியில் சாக விடமாட்டார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்றால், மூச்சு இருக்கும்போதே வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு தடவை நான் தயாராக நின்றும், கடைசி நேரத்தில் நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூடப் படித்தவள் ஒருத்திக்கு முதல் மாசமே கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வார்டில் என்னுடைய முறை அந்த வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் அடுத்த பரீட்சை வரை ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். வீட்டில் அப்போதே கல்யாணப் பேச்சு. பரீட்சை தள்ளிப்போனால், படித்தது போதும் என்று அப்பா என்னை யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. அதைச் சொல்லி என்னை நியாயப்படுத்திக்கொள்ள வரவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் நம்பர் கட்டிலில் ஒருவர் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து நாலு ஊர் தள்ளி, பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கல்லீரலில் கட்டி, முற்றிப்போய்விட்டது. தினமும் காலையில் நான்தான் வெந்நீரில் துணி நனைத்து அவருக்கு உடம்பு துடைத்துவிடுவேன். நான் "திரும்புங்கப்பா, கையைத் தூக்குங்கப்பா" என்று அதிகாரம் செய்வதைப் பார்த்து, "இந்தப் பாப்பா எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டரை விட மோசம்" என்று சிரிப்பார். சிரித்தால் வயிறு வலிக்கும், ஆனாலும் சிரிப்பார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை வூட்டுக்கு அனுப்பச் சொல்லு பாப்பா. காலைல ஏழரைக்கு நம்ம வாசல்லதான் வண்டி எடுப்பாங்க. பசங்க கத்திக்கினே ஏறும். ரூம்ல படுத்துக்கினு அந்தச் சத்தத்தைக் கேட்டா போதும்." அந்த ரூம் அவர் புதுசாகக் கட்டியது. பூச்சு வேலை முடிவதற்குள் இங்கே வந்து படுத்துவிட்டார்.

அவரோடு கூட இருந்தது அவருடைய மனைவி மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. வேனை இப்போது அந்த அம்மாவின் தம்பி ஓட்டினார். புதன்கிழமை டாக்டர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலிக்கு மருந்து கொடுத்து அனுப்புகிறோம், வீட்டுக்குக் கூட்டிப்போவதானால் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, தம்பி அந்த வேனையே கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருந்தார். நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாப்பா, எல்லாரும் கூட்டினு போயிடுன்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் தினம் பக்கத்துல இருந்து பாக்கற. நீ சொல்லு, போலாமா? ரெண்டு நாள் இருந்து பாக்கலாமா?"

சிஸ்டரைக் கேளுங்கம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அது ஒரு வரி. இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வரி. என் கண் முன்னால் அந்தக் காலிக் கட்டம்தான் நின்றது.

"இருங்கம்மா. நேத்தைக்கு இன்னிக்கு பிபி பரவால்ல. ரெண்டு நாள் பாத்துட்டு போலாம்" என்றேன்.

பிபி கொஞ்சம் ஏறியிருந்தது உண்மைதான். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் முகம் அப்படி மலர்ந்தது. ஓடிப்போய்த் தம்பியிடம் சொல்லி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் உள்ளே வந்ததும், "வண்டி வந்துச்சா?" என்று கட்டிலில் இருந்தவர் கேட்டார். "வந்துட்டுப் போயிடுச்சு. நாளன்னிக்கு போலாம்னு அந்தப் பாப்பா சொல்லுது" என்றார் அந்த அம்மா. அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் போக வந்த கூட்டத்தோடு கூட்டமாக நானும் நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். அத்தனை பேரும் அரோகரா போட்டுக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுப் போகிறார்கள். நான் என்ன வேண்டிக்கொண்டு ஓடினேன் தெரியுமா? நான் போய்ச் சேருவதற்குள் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, வேறு யாரும் அந்தப் பராமரிப்பைச் செய்துவிடக் கூடாது. வார்டு வாசலிலேயே தோழியிடம், "எட்டாம் பெட்டு இருக்காரா?" என்றேன். "இருக்காருடி" என்றாள். என் மனசில் ஒரு நொடி ஏமாற்றம் வந்துபோனது. இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் வந்தது.

பதினோரு மணிக்கு அவர் மூச்சு நின்றது. நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்த மூச்சு வரும் என்று நானும் அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை.

டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு, சிஸ்டர் திரையை இழுத்தார். "யாரு செய்யறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணே செய்யட்டும் சிஸ்டர். தினம் அதுதான தொடச்சி வுட்டுச்சு. அதோட கை அவருக்குப் பழக்கம்."

கண்ணிமையை மூடினேன். குழாய்களை எடுத்தேன். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும் என்றார் சிஸ்டர். நான் வெந்நீர்தான் எடுத்து வந்தேன். துடைத்தேன். கையைத் தூக்குங்கப்பா என்று வாய் வரை வந்துவிட்டது. தாடையைத் துணியால் கட்டினேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. அந்த அம்மா குனிந்து, என் கையோடு கை வைத்து முடிச்சுப் போட்டார். அப்போது சொன்னார், "நீ இருன்னு சொன்னதால இன்னொரு நாள் அவரோட இருந்தேன். நீ நல்லா இருப்ப பாப்பா."

அடிப் பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு நான் அங்கேயே விழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிஸ்டர் நோட்டை வாங்கி, "சுத்தமா செஞ்சிருக்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு சவ வண்டி வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே போகாமல், துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சையும் எழுதினேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் காரியம் எல்லாம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். வேன்காரர் வீடு என்றதும் கையைக் காட்டினார்கள். அந்த அம்மா வாசலில் மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வா பாப்பா. வெயில்ல வந்திருக்கியே. உள்ள வா."

நான் உள்ளே போகவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, கட்டம், பிபி, நான் சொன்ன பொய், கூட்டத்தில் ஓடியது, எல்லாம். அழக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுப் போனேன். அழுதுவிட்டேன்.

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தெருவைக் காட்டினார். "அங்கதான் படுக்க வெச்சோம். வெளிய செத்தவரை உள்ள எடுத்துனு போகக் கூடாதாம். எங்க ஊர்ல அப்படித்தான். பந்தலைப் போட்டு ரோட்டுல வெச்சோம். அவரு கட்டின ரூமு, கதவு தொறந்தே கெடந்துச்சு."

திரும்பித் தெருவைப் பார்த்தேன்.

"என்னைத் திட்டுங்கம்மா" என்றேன்.

"உன்னை இன்னாத்த திட்றது? வூட்டுக்குக் கூட்டினு வந்தா போயிடுவாரேன்னு எனக்கு பயம். யாராச்சும் ஒருத்தர் இருன்னு சொல்ல மாட்டாங்களான்னு ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு இருந்தேன். நீ சொன்ன. கெட்டியா புடிச்சிக்கினேன். நீ உனக்காக சொன்ன. நான் எனக்காக கேட்டுக்கினேன்." முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவருக்குத் தெளிவா பேச்சு இருந்துச்சு பாப்பா, கடைசி வரைக்கும். அவரை நம்ம ரெண்டு பேருமே கேக்கல."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் என்பதும் அப்போதுதான் எனக்கே புரிந்தது. "மன்னிக்கறதுக்கு இப்ப எனக்கு மனசு வரல. வந்தா பாக்கலாம். ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு குடும்பமாவது என் கையைப் பிடித்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அதற்கு முன்னால் கட்டில் பக்கத்தில் போய், படுத்திருப்பவரின் காதருகே குனிந்து, உங்களுக்கு எங்கே இருக்கணும் என்று கேட்கிறேன். சிலர் சொல்லிவிடுகிறார்கள், சிலருக்குக் கண் மட்டும்தான் அசைகிறது. இதற்கெல்லாம் எந்த நோட்டிலும் கட்டம் கிடையாது, யாரும் கையெழுத்துப் போடுவதும் இல்லை. ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட அந்த மனிதரிடம் அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான், ஒவ்வொருவரிடமும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.